அப்ளைட் பிசிக்ஸ் மாணவர் விருதுக்கு உங்கட ப்ரொஜெக்ட்ட அனுப்பிறது எப்பிடி: முழு வழிகாட்டி

விருது அறிவித்தல் வந்தவுடன எங்கட கம்பஸ் பிள்ளையள் கனபேர் முதல் செய்யிறது வேர்ட்டத் திறந்து முன்னுரை எழுதத் துவங்கிறது. ரெண்டு மூண்டு கிழமை அதோட போயிடும், பிறகு கிராஃப் கீறேக்க தான் டேட்டாவில ஓட்டை இருக்கெண்டு தெரியவரும், அப்ப பாத்தா லாப் பூட்டியிருக்கும், இல்லாட்டி சாம்பிள் முடிஞ்சிருக்கும், இல்லாட்டி மாரி துவங்கி கிணறெல்லாம் நிரம்பியிருக்கும். நல்ல வேலை செய்த பிள்ளையள் இந்த ஒழுங்கு பிழைச்சதால மட்டும் விடுபட்டுப் போறத ஒவ்வொரு பட்சிலயும் பாக்கிறன், அதால தான் எது முதல் எது பிறகு எண்டு இஞ்ச எழுதுறன்.

பைனல் இயர் ப்ரொஜெக்ட் செய்யிற ஆக்கள், எம்ஃபில் செய்யிற ஆக்கள் ரெண்டு பேருக்கும் இது பொருந்தும். விளங்கிறதுக்கு ஒரே ஒரு உதாரணத்தயே கடைசி மட்டும் கொண்டு போறன்: கிணத்துத் தண்ணி எவ்வளவு உவர் எண்டு பாக்க கடத்துதிறன் (தண்ணிக்குள்ளால மின் எவ்வளவு லேசாப் போகுது எண்டது, உப்புக் கூடக் கூட அதுவும் கூடும்) அளக்கிற மலிவான சென்சர் ஒண்டு செய்யிறது. யாழ்ப்பாணத்தில சுண்ணக்கல்லுக்குக் கீழ இருக்கிற தண்ணிய நம்பித்தான் எல்லாரும் இருக்கிறம், அதால இந்த மாதிரி ப்ரொஜெக்ட் வருசா வருசம் வரும். நீங்கள் சோலார் செல்லோ லேசரோ செய்தாலும் படிகள் இதே தான்.

1. துவங்க முதல் கையில இருக்க வேண்டியது

லாப் நோட்புக், திகதியோட, பேனையால எழுதினது. ரோ டேட்டா ஃபைல்கள், அதில ஒருத்தரும் கை வைக்காத ஒரு கொப்பி. பாவிச்ச கருவியளின்ர மொடல் இலக்கமும் மனுவலும். உங்கட கோட்டின்ர கடைசி வடிவம். இவ்வளவும் இல்லாம எழுதத் துவங்க வேண்டாம்.

மனுவல் எதுக்கெண்டு கேப்பினம். பின்னுக்கு வழு, அதாவது அளவீடு எவ்வளவு பிழைச்சிருக்கலாம் எண்டு கணக்குப் போடேக்க கருவியின்ர துல்லியம் எவ்வளவு எண்டு அதில தான் இருக்கு, அப்ப போய் தேடினா அந்த மொடல் எதெண்டே ஞாபகம் இருக்காது. இப்பவே மீற்றரின்ர பின்பக்கத்த போனால ஒரு படம் எடுத்து வையுங்கோ, காணும்.

ரோ டேட்டாவ எக்செல்லில திறந்து "கொஞ்சம் கிளீன்" பண்ணி அதே பேரில சேவ் பண்ணிறது தான் நான் ஆகக் கூடக் காணுற பிழை. கிளீன் பண்ணினது வேற ஃபைலா இருக்கோணும், எந்த வரிய ஏன் எடுத்தனியள் எண்டும் பக்கத்தில எழுதியிருக்கோணும். நடுவர் ஒராள் "இந்தப் புள்ளி எங்க போட்டுது" எண்டு கேட்டா காட்ட ஏலும்.

2. அறிவித்தல பேனையோட வாசியுங்கோ

முதல் பாக்க வேண்டியது தகுதி. எந்த வருச மாணவர், வேலை எந்தக் காலத்துக்குள்ள செய்திருக்கோணும், முன்னமே பப்ளிஷ் பண்ணின வேலை போடலாமோ, குழுவா போடலாமோ. இதில ஒண்டு பிழைச்சாலும் மிச்சம் ஒண்டும் பாக்க மாட்டினம்.

ரெண்டாவது, நீங்களே போடுறதா அல்லது வேற ஆக்கள் உங்கள முன்மொழிய வேணுமா எண்டது. அமெரிக்கன் பிசிக்கல் சொசைட்டி குடுக்கிற லீரோய் அப்கர் விருத எடுங்கோ, அது இளமானி மாணவற்ற ஆராய்ச்சிக்கு எண்டு 1978 இல இருந்து இருக்கிறது, அதுக்கு மாணவர் தானா விண்ணப்பிக்க ஏலாது, டிபார்ட்மென்ட் தான் முன்மொழியோணும். இப்பிடியான விருதெண்டா உண்மையான முடிவுத் திகதி அறிவித்தலில இருக்கிற திகதி இல்ல, உங்கட டிபார்ட்மென்டுக்குள்ள ஆர அனுப்பிறது எண்டு முடிவெடுக்கிற திகதி தான். அது கனக்க முந்தி வந்திடும்.

மூண்டாவது, புள்ளி எதுக்குக் குடுக்கினம் எண்டது. புதுமை, அளவீட்டின்ர தரம், பயன்பாடு, விளக்கிற விதம் எண்டு பிரிச்சுப் போட்டிருந்தா அத ஒரு தாளில எழுதி மேசைக்கு மேல ஒட்டுங்கோ. கனபேர் பயன்பாட்டுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதுவினம், அளவீட்டின்ர தரத்துக்கு ஒரு பந்தி தான் இருக்கும். அப்ளைட் பிசிக்ஸ் விருதில "அப்ளைட்" எண்டதப் பாத்து ஏமாறுறது இது தான், நடுவரா இருக்கிறவை பிசிக்ஸ்காரர், அவை முதல் தேடுறது பிசிக்ஸ.

3. உங்கட பங்கு எதெண்டு ஒரு பக்கம் எழுதுங்கோ

இது தான் ஆகக் கடினமான பக்கம், இதத் தான் எல்லாரும் தாண்டிப் போயினம்.

ஒரு லாபில வேலை செய்யேக்க எல்லாம் கலந்து தான் இருக்கும். யோசனை சேர்ட, சேர்க்கிட் போன பட்ச் அண்ணா செய்தது, கோட்டில பாதி இன்ரநெற்றில எடுத்த லைப்ரரி, அளவீடு நீங்கள். இப்ப தாள நடுவால கோடு போட்டுப் பிரியுங்கோ. இடப்பக்கம் நீங்கள் வர முதல் இருந்தது, வலப்பக்கம் நீங்கள் வந்த பிறகு இருக்கிறது. வலப்பக்கத்தில ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லோட முடியோணும்: வடிவமைச்சன், அளந்தன், திருத்தினன், கண்டுபிடிச்சன். "ஈடுபட்டன்", "பங்குபற்றினன்" எண்ட சொல்லுகள் வந்தா அந்த வரி இன்னும் தெளிவில்ல.

எங்கட பிள்ளையளுக்கு "நான்" எண்டு எழுதக் கூச்சம். எல்லாத்தையும் "செய்யப்பட்டது" எண்டு எழுதி விடுவினம், அடக்கமா இருக்கோணும் எண்டு வளர்த்தது தானே. ஆனா மாணவருக்குக் குடுக்கிற விருதில நடுவருக்கு இருக்கிற முதல் கேள்வியே இத மாணவர் செய்ததோ சுப்பவைசர் செய்ததோ எண்டது தான். "செய்யப்பட்டது" எண்டு எழுதினா பதில் இல்லாமப் போயிடும். நீங்கள் செய்தத நான் எண்டும், மற்ற ஆள் செய்தத அவரின்ர பேரோடயும் எழுதுங்கோ, அதில பெருமையும் இல்ல குறைவும் இல்ல.

இடப்பக்கத்தயும் ஒளிக்காதேங்கோ. அண்ணா செய்த சேர்க்கிட்ட உங்கட எண்டு விட்டா கேள்வி நேரத்தில "ஏன் இந்த ரெசிஸ்டர் 10 கிலோஓம்" எண்டு கேக்க நிண்டு முழிக்க வேண்டி வரும்.

4. சிபாரிசுக் கடிதத்த இப்பவே கேளுங்கோ

ரிப்போர்ட் முடிஞ்ச பிறகு கேக்கலாம் எண்டு தான் நினைப்பினம். வேண்டாம். சேர்மாருக்கு சோதனைத் தாள் திருத்திற காலமும் விருது முடிவுத் திகதியும் ஒண்டா வந்து விழும், கடைசிக் கிழமையில கேட்டா போன வருசக் கடிதத்தில பேர மாத்தித் தான் தருவினம், அவையப் பிழை சொல்லவும் ஏலாது. குறைஞ்சது ஒரு மாசம் குடுங்கோ.

கேக்கேக்க மூண்டாவது படியில எழுதின பக்கத்தயும் சேர்த்துக் குடுங்கோ. கடிதத்துக்கு பலம் தாறது "கெட்டிக்காரப் பிள்ளை, ஒழுக்கமான பிள்ளை" எண்டதில்ல, குறிப்பான ஒரு சம்பவம் தான். ஈமெயில் இப்பிடி இருந்தாக் காணும்:

"சேர், வணக்கம். மாணவர் ஆராய்ச்சி விருதுக்கு எங்கட கடத்துதிறன் சென்சர் வேலைய அனுப்ப யோசிக்கிறன். நீங்கள் கடிதம் தர ஏலுமோ சேர்? நான் செய்த பகுதிகள ஒரு பக்கத்தில எழுதி இணைச்சிருக்கிறன், விருதின்ர விதிகளும் முடிவுத் திகதியும் அதில இருக்கு. மின்வாய் முனைவாக்கப் பிரச்சினைய கண்டுபிடிச்ச கிழமை நீங்கள் லாபில கூட நிண்டனியள், அதப் பற்றி எழுதினா உதவியா இருக்கும் சேர்."

(முனைவாக்கம் என்னெண்டு அஞ்சாம் படியில வரும்.) கடைசி வரி முக்கியம். சேருக்கு எத எழுதிறது எண்டு ஞாபகப்படுத்துறீங்கள், என்ன எழுதோணும் எண்டு சொல்லிக் குடுக்கேல்ல.

5. லாப் திறந்திருக்கேக்க திரும்ப அளந்து பாருங்கோ

ரிப்போர்ட் எழுத முதல் இது. காரணம் ஒண்டு தான்: எழுதிறத வீட்டில இருந்தும் செய்யலாம், அளக்கிறத ஏலாது.

கடத்துதிறன் சென்சரில புதுசா வாற ஆக்கள் எல்லாரும் விழுற குழி ஒண்டு இருக்கு. ரெண்டு உலோகக் கம்பிய தண்ணிக்குள்ள விட்டு, ஆர்டுயினோ எண்ட சின்னக் கட்டுப்பாட்டு போர்ட்டில இருந்து நேரோட்டம் குடுத்து, வோல்ற்றேஜ வாசிப்பினம். முதல் வாசிப்பு நல்லா இருக்கும், ஆனா அப்பிடியே விட்டா இலக்கம் மெல்ல மெல்ல நகரும், நிக்காது. அயன்கள் மின்வாய்க்குப் பக்கத்தில குவிஞ்சு எதிர் வோல்ற்றேஜ் ஒண்டக் கட்டுது (முனைவாக்கம் எண்டது இது தான்), மேற்பரப்பில மின்பகுப்பும் நடக்குது, அப்ப நீங்கள் அளக்கிறது தண்ணியின்ர தடை இல்ல, தண்ணியும் மின்வாயும் சேர்ந்த ஒண்டு. இதுக்குத் தான் ஆடலோட்டம் பாவிக்கிறது, ஒரு கிலோஹேர்ட்ஸ் அளவில திசை மாத்திக்கொண்டிருந்தா அயன்களுக்கு குவிய நேரம் கிடைக்காது. இன்னும் நல்லாச் செய்யிறதெண்டா நாலு மின்வாய்: வெளி ரெண்டில ஓட்டம், உள்ளுக்க இருக்கிற ரெண்டில வோல்ற்றேஜ் மட்டும்.

இந்தக் குழியில விழுந்து எழும்பினனியள் எண்டா அத மறைக்காம டேட்டாவோட காட்டுங்கோ. நேரோட்டத்தில நகர்ந்த கிராஃபும் ஆடலோட்டத்தில நேரா நிண்ட கிராஃபும் பக்கத்தில பக்கத்தில இருந்தா அது தான் உங்கட ப்ரொஜெக்டில இருக்கிற பிசிக்ஸ். கனபேர் சரியா வந்த கிராஃப மட்டும் போட்டிட்டு மற்றத எறிஞ்சு போடுவினம்.

அடுத்தது நியமக் கரைசல், அதாவது கடத்துதிறன் முன்னமே தெரிஞ்ச கரைசல். 0.01 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுக்கு 25 பாகை செல்சியஸில கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ், இத வைச்சுத் தான் கலத்தின்ர மாறிலிய, அதாவது சென்சர் வாசிப்ப கடத்துதிறனா மாத்தப் பெருக்கிற இலக்கத்தக் காணுறது. ஒரே ஒரு நியமத்தோட நிண்டிடாதேங்கோ, அதுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொண்டு எடுத்தா தான் நேர்கோடா போகுதோ எண்டு தெரியும்.

வெப்பநிலை மறக்கக் கூடாத விசயம். பாகைக்கு கிட்டத்தட்ட 2% கடத்துதிறன் கூடும், எங்கட கிணத்துத் தண்ணி 28, 29 பாகையில இருந்தா திருத்தாம விட்ட வாசிப்பு 6 இல இருந்து 8% மட்டும் கூடக் காட்டும். நியமத்த ஏசி றூமில அளந்து, கிணத்த வெயிலுக்க நிண்டு அளந்து, ரெண்டையும் நேரா ஒப்பிட்ட ரிப்போர்ட்டுகள் நிறைய இருக்கு.

ஒரே கிணத்தில திரும்பத் திரும்ப எடுங்கோ, வேற வேற நாளில எடுங்கோ, சென்சரக் கழட்டிப் பூட்டியும் எடுங்கோ. சென்சர வெளியில எடுக்காம, அசையாம வைச்சுக்கொண்டு நூறு வாசிப்பு எடுத்தா அது ஒரு அளவீடு தான், நூறில்ல. எந்த ஆழத்தில எடுத்தனியள் எண்டும் குறியுங்கோ. நிலாவரைக் கிணத்தில மேல நன்னீரும் ஆழத்தில உவர்நீரும் இருக்கிறது இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்சது தானே, அப்ப ஆழம் போடாத வாசிப்புக்கு அர்த்தம் என்ன? மாசமும் போடோணும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்த தண்ணியும் ஆவணிக் கோடையில எடுத்த தண்ணியும் ஒண்டில்ல.

கரண்ட் போற விசயத்தயும் யோசியுங்கோ. நீளமான லொக்கிங் (வாசிப்பத் தொடர்ந்து பதியிறது) எண்டா எஸ்டி கார்ட்டில வரிக்கு வரி எழுதிற மாதிரிச் செய்யுங்கோ, கடைசியில ஒண்டா சேவ் பண்ணிற கோட் எண்டா ஒருக்கா லைன் போனா முழு இரவும் வீண்.

6. இலக்கத்துக்கு வழு போடுங்கோ

இந்தப் படியில தான் விருது எடுக்கிற வேலையும் மற்ற வேலையும் பிரியுது எண்டு நான் நம்புறன். ஏஎல்லில வேணியர் இடுக்கியோட இழிவெண்ணிக்கை, பின்னவழு எண்டு படிச்சனாங்கள், கம்பஸுக்கு வந்து ஃபர்ஸ்ட் இயர் ப்ராக்டிக்கலிலயும் செய்தனாங்கள், ஆனா ப்ரொஜெக்ட் எண்டு வந்தவுடன அதெல்லாம் மறந்து "எங்கட சென்சர் 98% துல்லியம்" எண்டு எழுதிறது. எதில 98%? எந்த வீச்சில? ஆர் சொன்னது?

செய்யிற முறைய ஒரு கணக்கோட காட்டுறன், இலக்கங்கள் விளக்கத்துக்கு மட்டும்.

கிணத்து வாசிப்பு சராசரி சென்ரிமீற்றருக்கு 1400 மைக்ரோசீமன்ஸ் எண்டு வைப்பம். பத்துத் தரம் எடுத்ததில நியம விலகல் 12. சராசரியின்ர வழு எண்டா 12 ஐ 10 இன்ர வர்க்கமூலத்தால பிரிக்கோணும், 3.8 வரும், அது 0.27%.

நியமக் கரைசல் போத்தலில ±1% எண்டு போட்டிருக்கு. அந்த எல்லைக்குள்ள எங்கயும் சம வாய்ப்போட இருக்கலாம் எண்டு எடுத்தா 3 இன்ர வர்க்கமூலத்தால பிரிக்கிறது, 0.58%.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 எண்ட சென்சர் பாவிக்கிறீங்கள் எண்டா அதின்ர டேட்டாஷீற்றில ±0.5 பாகை எண்டிருக்கும். பாகைக்கு 2% எண்டபடியா அது ±1% ஆகுது, அதையும் 3 இன்ர வர்க்கமூலத்தால பிரிச்சா திரும்ப 0.58%.

இப்ப மூண்டையும் வர்க்கிச்சுக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கோ, 0.86% வரும். உண்மைப் பெறுமானம் எல்லைக்குள்ள இருக்குமெண்டு கிட்டத்தட்ட 95% நம்பிக்கையோட சொல்ல ரெண்டால பெருக்கிறது, கிட்டத்தட்ட 1.7% வரும். ஆக 1400 எண்ட இலக்கத்த 1400 ± 24 எண்டு எழுதலாம், ரெண்டால பெருக்கினது எண்டதையும் சேர்த்து எழுதோணும்.

இதில இருந்து வாற பிரயோசனத்தப் பாருங்கோ. திரும்ப அளந்ததால வந்த வழு ஆகச் சின்னன், அப்ப இன்னும் நூறு தரம் அளந்தாலும் ஒண்டும் முன்னேறாது, காசும் நேரமும் போட வேண்டியது வெப்பநிலை சென்சரிலயும் நியமக் கரைசலிலயும் தான். இப்பிடி ஒரு பந்தி ரிப்போர்ட்டில இருந்தா வாசிக்கிற ஆளுக்கு உங்களுக்கு வேலை விளங்கியிருக்கெண்டு உடன தெரியும். இன்னும் ஒரு நுணுக்கம், நியமத்தையும் கிணத்தையும் ஒரே வெப்பநிலை சென்சரால ஒரே வெப்பநிலைக்குக் கிட்ட அளந்தா அந்த சென்சரின்ர நிலையான பிழை ரெண்டு பக்கமும் வந்து பெரும்பாலும் வெட்டுப்படும், அப்ப அந்த 0.58% குறையும். இத நீங்களே சொல்லிட்டா நடுவர் கேக்க முதல் பதில் இருக்கு.

ஆர்டுயினோ ஊனோ பாவிக்கிற ஆக்கள் அதின்ர 10 பிற் மாற்றிய (வோல்ற்றேஜ இலக்கமா மாத்திற பகுதி) மறக்க வேண்டாம். 5 வோல்ற்ற 1024 ஆப் பிரிச்சா ஒரு படி 4.9 மில்லிவோல்ற், உங்கட சிக்னலே 50 மில்லிவோல்ற் எண்டா அதில பத்துப் படி தான் இருக்கு, தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம் போடுறதில அர்த்தமில்ல.

7. மற்றக் கருவியோட ஒப்பிடேக்க ஆர் ஸ்குவெயாரோட நிக்காதேங்கோ

எல்லா ரிப்போர்ட்டிலயும் ஒரு கிராஃப் இருக்கும், கிடை அச்சில லாபில இருக்கிற விலை கூடின மீற்றர், நிலைக்குத்து அச்சில எங்கட சென்சர், நடுவால கோடு, மேல ஆர் ஸ்குவெயார் 0.99 எண்டு ஒரு இலக்கம். அதோட முடிஞ்சுது. ஆனா உங்கட சென்சர் எல்லாத்தையும் ரெண்டு மடங்காக் காட்டினாலும் அந்த இலக்கம் 0.99 தான் வரும், ஏனெண்டா அது சொல்லிறது ரெண்டும் ஒண்டா ஏறி இறங்குதோ எண்டத, ரெண்டும் ஒரே பெறுமானமோ எண்டத இல்ல.

ரெண்டு வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்த நிலைக்குத்திலயும் ரெண்டின்ர சராசரிய கிடையிலயும் போட்டு இன்னொரு கிராஃப் கீறுங்கோ. பூச்சியக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் புள்ளிகள் சிதறிக் கிடந்தா நல்லம். எல்லாம் ஒரு பக்கமா நிண்டா நிலையான பிழை இருக்கு. உவர் கூடக் கூட புள்ளிகள் விலகிப் போனா கலமாறிலியிலயோ முனைவாக்கத்திலயோ பிரச்சினை, திரும்ப அஞ்சாம் படிக்குப் போங்கோ. இந்தக் கிராஃபுக்கு அரை மணித்தியாலம் தான் போகும்.

8. படங்கள முதல் முடியுங்கோ, பிறகு எழுதுங்கோ

நடுவர் முதல் பாக்கிறது படம். கனபேர் படத்தையும் அதுக்குக் கீழ இருக்கிற விளக்கத்தையும் மட்டும் பாத்திட்டு மிச்சத்த பிறகு வாசிப்பினம். அதால படங்கள மட்டும் வரிசையா மேசையில பரப்பி ப்ரொஜெக்ட் தெரியாத ஒரு ஃப்ரெண்டுக்கு காட்டுங்கோ, வாய் திறக்காதேங்கோ. அவையால கதைய ஓரளவுக்குச் சொல்ல ஏலுமெண்டா படங்கள் சரி.

அச்சுக்கு பேரும் அலகும், புள்ளிகளுக்கு வழுக் கோடு, ஏ4 தாளில பிரின்ற் எடுத்தா கண்ணாடி இல்லாம வாசிக்கக் கூடின எழுத்து. கறுப்பு வெள்ளையில ஒருக்கா பிரின்ற் எடுத்துப் பாருங்கோ, சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா புள்ளியின்ர வடிவத்த மாத்துங்கோ. ஸ்கிரீன்ஷொட் போட வேண்டாம், பிடிஎஃப்பா எக்ஸ்போர்ட் பண்ணினா பெரிசாக்கினாலும் உடையாது.

9. ரிப்போர்ட் எழுதிற ஒழுங்கு

பெறுபேறு, முறை, கலந்துரையாடல், முன்னுரை, கடைசியா சுருக்கம். முன்னுரை ஏன் பின்னுக்கெண்டா, எதக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு எழுதி முடிச்ச பிறகு தான் எந்தப் பின்னணி தேவை எண்டு தெரியும். முதல் எழுதினா உலகத் தண்ணீர்ப் பிரச்சினையில துவங்கி வலிகாமம் வந்து சேரவே நாலு பக்கம் முடிஞ்சிடும்.

முறைப் பகுதிய இன்னொரு பிள்ளை வாசிச்சு அதே வேலையத் திரும்பச் செய்யக் கூடின மாதிரி எழுதுங்கோ. மின்வாய் என்ன உலோகம், இடைவெளி எவ்வளவு, அதிர்வெண் எவ்வளவு, கழுவினது எதால. எடுத்த லைப்ரரி, பாத்துச் செய்த சேர்க்கிட் எல்லாத்துக்கும் நன்றி போடுங்கோ.

எது ஏலேல்ல எண்டும் எழுதுங்கோ. "இந்த சென்சர் உப்பு எவ்வளவெண்டு சொல்லும், ஆனா நைத்திரேற்றோ குளோரைட்டோ எண்டு பிரிச்சுச் சொல்லாது" எண்ட ஒரு வசனம் பெரிய பலம். எங்கட தோட்டக் காணிக் கிணறுகளில நைத்திரேற் தான் பெரிய கவலை எண்டது எல்லாருக்கும் தெரியும், அத உங்கட சென்சர் அளக்கும் எண்ட எண்ணம் வாற மாதிரி எழுதிப் போட்டு பிறகு மாட்டுப்பட வேண்டாம்.

10. சுருக்கம்

கடைசியா எழுதிறது, ஆனா ஆகக் கூட மினக்கெட வேண்டியது. அனேகமா எல்லா நடுவரும் வாசிக்கிற ஒரே பகுதி இது தான்.

இப்பிடி எழுதாதேங்கோ: "நீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது. இவ்வாய்வில் குறைந்த செலவிலான உணரி ஒன்று உருவாக்கப்பட்டு நல்ல பெறுபேறுகள் பெறப்பட்டன."

இப்பிடி எழுதுங்கோ: "கரையோரக் கிணறுகளின் உவர்த்தன்மையை வீட்டிலேயே அளக்க நாலு மின்வாய்ச் சென்சர் ஒன்றை வடிவமைத்தேன். ஆடலோட்டம் பாவித்ததால் மின்வாய் முனைவாக்கம் நீங்கியதை அளந்து காட்டினேன். 25 பாகைக்குத் திருத்திய வாசிப்பின் நிச்சயமின்மை 1.7%. அதில் பெரும்பங்கு வெப்பநிலை அளவீட்டிலும் நியமக் கரைசலிலும் இருந்து வருகிறது."

ரெண்டாவதில ஆள் இருக்கு, பிசிக்ஸ் இருக்கு, இலக்கம் இருக்கு. இங்கிலீஷில அனுப்பிறதெண்டாலும் முதல் தமிழில இப்பிடி எழுதிப் பாத்திட்டு மாத்துங்கோ, தமிழில தெளிவில்லாத வசனம் இங்கிலீஷில போய்த் தெளியாது.

11. பேர், போர்ம், நேரம்

பேர் விசயம் எங்கட ஆக்களுக்கு மட்டும் வாற தலையிடி. அப்பான்ர பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு, போர்மில கேக்கிறது முதற்பேர் கடைசிப்பேர். ஒரு இடத்தில இனிஷியல், இன்னொரு இடத்தில முழுப்பேர், சேரின்ர கடிதத்தில வேற எழுத்துக்கூட்டல் எண்டா மூண்டு ஆக்கள் மாதிரித் தெரியும். பாஸ்போர்ட்டில இருக்கிற மாதிரியே எல்லா இடமும் போடுங்கோ, கடிதம் எழுதிற சேருக்கும் அந்த எழுத்துக்கூட்டலக் குடுங்கோ.

வெளிநாட்டு விருதெண்டா முடிவு நேரம் எந்த நாட்டு நேரம் எண்டு பாருங்கோ. அமெரிக்கக் கிழக்குக் கரையில பின்னேரம் 5 மணி எண்டா எங்களுக்கு அடுத்த நாள் விடியப்புறம் 2.30, அவையின்ர குளிர்காலத்தில 3.30. "பூமியில எங்கயாவது" (Anywhere on Earth, சுருக்கமா AoE) எண்ட கணக்கில நள்ளிரவு 11.59 எண்டு போட்டிருந்தா எங்களுக்கு அடுத்த நாள் பின்னேரம் 5.29 மட்டும் நேரம் இருக்கு. ஆனா அந்த நேரம் மட்டும் இருக்க வேண்டாம், ரெண்டு நாள் முந்தியே ஏத்தி விடுங்கோ, கடைசி நாள் மழையோட கரண்டும் நெற்றும் சேர்ந்து போறது நடக்கிற விசயம்.

ஏத்தின பிறகு அதே ஃபைல வேற ஒரு போனில டவுன்லோட் பண்ணித் திறந்து பாருங்கோ. எழுத்துரு பதியாத பிடிஎஃப்பில குறியீடுகள் எல்லாம் பெட்டி பெட்டியா வரும், உங்கட லப்டொப்பில அது தெரியாது.

12. நேர்முகத்துக்குக் கூப்பிட்டா

பத்து நிமிசம் எண்டா எட்டு நிமிசத்துக்குத் தயார் செய்யுங்கோ. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம், இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் போன்றவை நடத்திற ஆண்டு அமர்வுகளில முன்னமே ஒருக்கா பேசிப் பாத்திருந்தா பயம் பாதி போயிடும், முடிஞ்சா அதுக்கும் சுருக்கம் அனுப்புங்கோ. அனுப்ப முதல் விருதின்ர விதியில முன்னமே வெளியிட்ட வேலையப் பற்றி என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ.

கட்டாயம் வாற கேள்வி: "இது பிசிக்ஸோ இஞ்சினியரிங்கோ?" இதுக்கு கோபப்படவும் வேண்டாம், பயன்பாட்டப் பற்றிக் கதைக்கவும் வேண்டாம். நேரா முனைவாக்கக் கிராஃபத் திறந்து, அயன்கள் மின்வாய்க்குப் பக்கத்தில என்ன செய்யுது, அதிர்வெண்ணக் கூட்டேக்க ஏன் வாசிப்பு நிலைக்குது எண்டு விளக்குங்கோ. மற்றக் கேள்விகள் அனேகமா இவை: நீர் செய்த பகுதி எது, கலமாறிலி நாள்ப்பட மாறாதோ, மின்வாயில பாசி பிடிச்சா என்ன செய்வீர், கடையில வாங்கிற மீற்றரை விட இது ஏன் வேணும். ஒவ்வொண்டுக்கும் ஒரு ஸ்லைட் கடைசி ஸ்லைட்டுக்குப் பின்னால ஒளிச்சு வையுங்கோ.

தெரியாத கேள்வி வந்தா "அத அளந்து பாக்கேல்ல சேர், அளக்கிறதெண்டா இப்பிடிச் செய்வன்" எண்டு சொல்லுங்கோ. அந்த "இப்பிடி"க்கு மூண்டு நாலு வசனம் வரக் கூடின மாதிரி வீட்டில சத்தமாச் சொல்லிப் பழகுங்கோ, இங்கிலீஷில கேள்வி வரும் எண்டா இங்கிலீஷிலயே பழகுங்கோ. சென்சரையும் நியமக் கரைசல் போத்தலையும் கையோட கொண்டு போங்கோ, பற்றரிய முதல் நாள் இரவு மாத்தி, அங்க போய் ஒருக்கா 1413 காட்டுதோ எண்டு பாத்திட்டு உள்ளுக்குப் போங்கோ.